நாற்சந்திக்குப் போன தண்ணீர்

மெய்ரேமே ஈயம் ஊற்றினால் பயம் போய்விடும் என்பதில் அந்த முகாமில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. முதலில் சந்தேகம் வந்தது மெய்ரேமேக்குத்தான். வந்ததை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஊற்றுகிற கை அவளுக்கு மாமியாரிடமிருந்து வந்தது. இபார் ஆற்றங்கரையில் எங்கள் சனம் குடியிருந்த மஹல்லா சண்டையில் எரிந்த அன்று, மற்றவர்கள் கம்பளியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கிழவி அடுப்படிக்குள் ஓடி இரும்புக் கரண்டியையும் ஒரு கட்டிக் காரீயத்தையும் எடுத்து மருமகளின் மடியில் போட்டாள். மெய்ரேமே அப்போது நிறைமாதம். "நெருப்பைப் பாக்காதடி, வயித்துப் பிள்ளைக்கு இறங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே கிழவி அவளைப் பாலத்துக்கு இழுத்துப் போனாள். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? வானமே சிவந்து கிடந்தது.

பாலத்தைத் தாண்டியவர்களை நீலத்தொப்பி போட்ட வெளிநாட்டுச் சிப்பாய்கள் கொண்டுபோய் இந்த முகாமில் இறக்கினார்கள். குளிர் முடிகிற வரைக்கும்தான், அப்புறம் உங்கள் வீடுகளைக் கட்டித் தருகிறோம் என்றார்கள். குளிர் முடிந்தது, மறு குளிரும் முடிந்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள், ஓட முடிகிற வரைக்கும். மெய்ரேமேயின் மகள் அனிஃபா அவர்களில் ஒருத்தி.

கொட்டகைகளுக்குப் பின்னால் கசடு மலை. ஈயம் உருக்கும் ஆலை கொட்டிக் கொட்டி வளர்த்த மலை அது. காற்று அடித்தால் சாம்பல் நிறத்தில் தூசி வந்து ரொட்டி மாவில் படியும், கொடியில் காய்கிற துணியில் படியும், காபிக் கோப்பையின் விளிம்பில் படியும். பெண்கள் துடைத்துவிட்டுக் குடிப்பார்கள். பிள்ளைகள் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் உட்கார்ந்து மலையிலிருந்து சறுக்கி விளையாடுவார்கள். மெய்ரேமேயின் புருஷன் லதீஃப் கொட்டகைக்குப் பின்னால் பழைய கார் பாட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற தகடுகளை உருக்கி விற்பான். வேறு வேலை யார் கொடுத்தார்கள்?

பிள்ளைகளுக்கு வாந்தி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். நேற்று சொன்ன வார்த்தை இன்று மறந்துபோனது. நடக்கிற பிள்ளை ஒன்றுமில்லாத தரையில் விழுந்தது. ஈறோரத்தில் மையால் கோடு போட்டமாதிரி கறுப்பு. பயம், வேறென்ன என்றார்கள் எல்லோரும். நெருப்பைப் பார்த்தவர்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகள், பாலோடு பயமும் இறங்கியிருக்கிறது. மெய்ரேமேயும் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவள் வாசலில் தாய்மார்கள் நிற்பார்கள். பிள்ளையை மணையில் உட்காரவைத்துத் தலையில் சிவப்புத் துணியை மூடுவாள். கரண்டியில் ஈயம் உருகி, மேலே ஆடை கட்டிக் கண்ணாடியாக மினுங்கும். பிஸ்மில்லா சொல்லி, தலைக்கு மேலே பிடித்த கிண்ணத்துத் தண்ணீரில் அதை ஊற்றுவாள். சொய்ங்ங் என்று சீறும். தலைக்கு ஒரு தரம், வயிற்றுக்கு ஒரு தரம், காலுக்கு ஒரு தரம். தண்ணீரில் உறைந்த ஈயத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் பயத்தின் உருவம் தெரியும். நாய் தெரியும், பூட்ஸ் கால் தெரியும், கூரையில் பிடித்த நெருப்பு தெரியும். அப்புறம் அந்தத் தண்ணீரில் பிள்ளை மூன்று மடக்குக் குடிக்க வேண்டும். மிச்சத்தை யாரும் கால் வைக்காத நாற்சந்தியில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். கூலி என்று அவள் வாங்கியதில்லை. ஒரு துண்டு சோப்பு, ஒரு பிடி காபித்தூள், கொடுத்தால் சரி.

மஹல்லாவில் மாமியார் எப்போதாவதுதான் ஊற்றுவாள். முகாமில் ஊற்றி மாளவில்லை. பழைய கட்டி கரைந்து தீர்ந்தபோது லதீஃப் பாட்டரி ஈயத்தில் ஒரு பாளம் கொடுத்தான். யாருக்கு ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அனிஃபாவுக்கு மட்டும் ஒரு கிழமை தவறியதில்லை. பெற்ற மகள் அல்லவா?

வசந்தத்தில் வருகிற எர்தெலேஸித் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால், ராதோய்கா என்கிற நர்ஸ் முகாமுக்கு வந்து பிள்ளைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனாள். நகரத்து செர்பியப் பெண். குரல் பெரிது, கை மென்மை. திரும்பி வந்தபோது நேராக மெய்ரேமேயின் கொட்டகைக்குள் நுழைந்து, கேட்காமலே உட்கார்ந்தாள்.

"மெய்ரேமே, பிள்ளைங்க ரத்தத்துல ஈயம் இருக்கு."

"ஈயமா? ஈயம் எப்படி ரத்தத்துக்குள்ள போகும்? ஊசி போட்டியா நீ?"

"சிரிக்காத. எல்லாப் பிள்ளைக்கும் இருக்கு. உன் பொண்ணுக்குத்தான் அதிகம். நம்பரே வரல. மெஷின் அதுக்கு மேல அளக்காதாம்."

"அப்ப மெஷின் கெட்டுப் போச்சு. ஈயம் பயத்தை எடுக்கும் தாயி, நோவு குடுக்காது. உங்க பாட்டிமாரும் எங்ககிட்ட வந்து ஊத்திக்கிட்டவங்கதான், கேட்டுப் பாரு."

ராதோய்கா கோபப்படவில்லை. மண்ணைச் சொன்னாள், தூசியைச் சொன்னாள், பின்னால் புகைகிற லதீஃபின் அடுப்பைச் சொன்னாள். எழுந்திருக்கும்போது, "ஒரே தூசியைத்தான் எல்லாரும் திங்கிறீங்க. அப்புறம் உன் மகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? அவளுக்கு நீ தனியா என்ன குடுக்குற?" என்று கேட்டாள்.

மெய்ரேமே கோப்பையின் விளிம்பைத் துடைத்தாள். காபி வேண்டுமா என்று கேட்டாள். நர்ஸ் போன பிறகு கரண்டியை எடுத்துப் பார்த்தாள். அடுப்புக்கு அடியில் தள்ளினாள். மறுபடி எடுத்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து அனிஃபாவுக்கு ஊற்றுவதை நிறுத்தினாள்.

ஆனால் வாசலில் வந்து நின்ற பிள்ளைகளுக்கு நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவாள்? இத்தனை நாள் குடிக்கக் கொடுத்தது என்ன என்று கேட்பார்களே. நர்ஸ் சொன்னது பொய்யாக இருந்தால் பிள்ளைகளைப் பயத்தோடு விட்ட பாவம் சேரும், மெய்யாக இருந்தால் இன்னொரு பாவம். இரண்டுக்கும் நடுவில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். அனிஃபாவுக்கு வாந்தி குறைந்தது. தூசி அப்படியேதான் இருந்தது, கறுப்புக் கோடும் அப்படியேதான், ஆனால் வாந்தி குறைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மெய்ரேமேக்குத் தூக்கம் போனது. லதீஃபிடம், "யோவ், அந்த அடுப்பை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டு போ" என்று நச்சரித்தாள்.

"இன்னைக்கு என்ன புதுசா புகை உறுத்துது? உன் கரண்டியில புகையலையா?" என்றான் அவன்.



திருநாள் போய் ஒரு மாதம் இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே காற்று. மலை உச்சி புகைவதுபோல் தூசி கிளம்பிக்கொண்டிருந்தது. லதீஃப் மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு பழைய இரும்பு பொறுக்கப் போயிருந்தான். உச்சிவேளைக்கு ஹவா மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

ஹவா நான்கு கொட்டகை தள்ளி இருப்பவள். புருஷன் ஜெர்மனிக்குப் போனவன், போனதுதான். பெரிய மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், வெள்ளைத் துணியில் சுற்றித் திருப்பி வாங்கியவள். மிச்சம் இருந்தது சபித் ஒருத்தன்தான். அவன் கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை. ஒரு கை தானாக வெட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஊத்து! சீக்கிரம் ஊத்து!"

மெய்ரேமே பையனை வாங்கி ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வெட்டு கொஞ்சம் அடங்கியது. மூச்சு கரகரத்தது.

"ஹவா, இது வலிப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

"அந்தப் பேச்சையே எடுக்காத. ஒண்ணைக் குடுத்துட்டேன் அவங்களுக்கு. இன்னொண்ணு குடுக்க எங்கிட்ட இல்ல."

"நான் கூட வரேன் புள்ள."

"நீ கூட வர வேணாம், நீ ஊத்து! போன வெள்ளிக்கு ஊத்துனியே, ரெண்டு நாள் நல்லா இருந்தானே. ஏன் நிக்குற? வேற ஊத்துறவகிட்ட போகவா? அவ ஊத்துனா உன் பேரு என்ன ஆகும்னு பாரு!"

போவாள், ஹவா. அந்தப் பக்கத்து வரிசையில் ஊற்றுகிற இன்னொருத்தி இருந்தாள், குடிக்கக் கிண்ணம் நிறையக் கொடுப்பவள். வாசலில் அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "இவளுக்கு என்ன வந்துச்சு இன்னைக்கு, கெஞ்ச வைக்கிறா" என்றாள். இன்னொருத்தி, "சோப்பு கேக்குறாளோ என்னமோ" என்றாள். சொல்லித் தீர்க்க நேரம் இல்லை. மெய்ரேமே கரண்டியை அடுப்பில் வைத்தாள்.

ஈயம் உருகுகிற நேரம் நீண்டுகொண்டே போனது. பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். ஏறும், நிற்கும், நிற்கும், அப்புறம் இறங்கும். கிண்ணத்தை அவன் தலைக்கு நேரே பிடிக்காமல், ஓர் ஆள் தூரம் தள்ளி, காற்று வெளியே இழுக்கிற பக்கமாகப் பிடித்தாள். ஒரே ஒரு தரம் ஊற்றினாள். சீறியது. எடுத்துப் பார்த்தாள். நாயும் இல்லை, நெருப்பும் இல்லை, ஒரு சப்பைத் தகடு.

"என்ன தெரியுது?" என்றாள் ஹவா.

"பெருசு" என்றாள் மெய்ரேமே. "இவ்வளவு பெருசு நான் பாத்ததில்ல."

"குடிக்கக் குடு, குடு!"

ஹவா கிண்ணத்தின் மேல் கை வைத்தாள். மெய்ரேமே கிண்ணத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தளும்பிப் பாவாடையை நனைத்தது.

"கைய எடு. இதைக் குடிக்கக் கூடாது. முதல்ல கொட்டணும். முகாம் முக்குல கொட்டுனா போகாது. டவுன்ல பெரிய நாற்சந்தி இருக்கு பாரு, அங்க கொட்டணும். பிள்ளையும் பக்கத்துல இருக்கணும். தூக்கு அவனை."

அப்படி ஒரு வழக்கம் மஹல்லாவில் எப்போதும் இருந்ததில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி வாயைத் திறந்தாள். மெய்ரேமே பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். ஹவா பையனைத் தூக்கினாள்.

நடந்தார்கள். கிண்ணம் முன்னால், பிள்ளை பின்னால். ஓடினால் தண்ணீர் சிந்தும், சிந்தினால் ஹவா திரும்பிவிடுவாள். ஓடாமல் ஓட வேண்டியிருந்தது. ரயில் தண்டவாளம் தாண்டும்போது சபித்துக்கு மறுபடி வெட்டியது. ஹவா கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியல அக்கா. வீட்டுக்குப் போயிருவோம்."

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? தண்ணி கையில இருக்கு. எந்திரி."

"என் பிள்ள போறான்…"

"எந்திரிடி!"

கடைவீதியில் பையன்கள் சிலர், "பாரு பாரு, சூனியக்காரி சூப்பு கொண்டு போறா" என்று சிரித்தார்கள். மெய்ரேமே, "உனக்கும் மிச்சம் வைக்கிறேன் வா" என்று சொல்லிக்கொண்டே போனாள். சபித்தின் ஒரு செருப்பு எங்கோ விழுந்துபோயிருந்தது. குதிகால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

நாற்சந்தி வந்தது. எதிரே ஆஸ்பத்திரியின் வாசல். ஹவா அதைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் மெய்ரேமேயின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏமாத்திட்டல்ல?"

"ஆமா."

"இங்க வரத்தான் தண்ணிய இழுத்துக்கிட்டு வந்த."

"ஆமா. உள்ள போ. அப்புறம் என்னை அடி, கொல்லு, இப்ப உள்ள போ."

"ஏன் குடிக்க விடல? அதைச் சொல்லு. ஒவ்வொரு வெள்ளியும் நீதானே வாயில ஊத்துன?"

 ஒரு வண்டி ஒலி எழுப்பிக்கொண்டே அவர்களைச் சுற்றிப் போனது.

"நோவே அதுல இருக்கலாம்னு நர்ஸு சொன்னா. அனிஃபாவுக்கு நான் நிறுத்திட்டேன். அவளுக்குக் கொஞ்சம் தேவலை."

"எப்ப நிறுத்துன?"

"எர்தெலேஸிக்கு முன்னாடி."

ஹவா  பையனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள், வருகிற வண்டி எதையும் பார்க்காமல். வாசல் அவளை விழுங்கிக்கொண்டது.

மெய்ரேமே கிண்ணத்தோடு நின்றாள். உள்ளே கொண்டுபோக முடியாது, திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. நாற்சந்தியில் ஓரமாகப் பார்த்துக் கொட்டினாள். ஒரு செர்பியக் கிழவர் காய்கறிப் பையோடு வந்தார்.

"ஐயா, அதுல கால் வைக்காதீங்க."

"ஏன், என்ன அது?"

"கெட்ட தண்ணி. சுத்திப் போங்க."

"ரோட்டுல கெட்ட தண்ணி கொட்டிட்டு எனக்கு வழி சொல்றியா?" என்று திட்டினாலும் கிழவர் சுற்றித்தான் போனார். அந்த ஈரத்தில் இருந்தது பயமா விஷமா என்று மெய்ரேமேக்கு அப்போதும் தீர்மானமாகத் தெரியாது. எதுவானாலும் யாரும் மிதிக்கக் கூடாது. காய்கிற வரைக்கும் அங்கேயே நின்று, வருகிற போகிறவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் ஆஸ்பத்திரி வாசலை விட்டு அசையவில்லை. யாராவது வெள்ளைத் துணியோடு வருகிறார்களா என்று பார்த்தாள். 

கடைசியில் ஹவாதான் வந்தாள். கை வெறுமையாக இருந்தது. 

"ஹவா… பிள்ளை?"

"ஊசி போட்டிருக்காங்க. வெட்டு நின்னிருக்கு. கண்ணு இன்னும் திறக்கல." ஹவாவின் குரலில் ஈரமே இல்லை. "உள்ள வா. டாக்டர் கேக்குறார், என்ன குடிச்சான், எவ்வளவு நாளா குடிச்சான்னு. எனக்கு என்ன தெரியும்? மருந்து குடுக்கணும்னா அது தெரியணுமாம். நீ வந்து சொல்லு."

"நானா?"

"பின்ன யாரு? நானா உருக்கினேன்?"

முகாமில் யாருக்கும் சொல்லாததை, வெள்ளைச் சுவருக்கு நடுவில், முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் சொல்ல வேண்டும். போலீசைக் கூப்பிட்டால்? லதீஃபின் அடுப்பையும் சேர்த்துப் பிடித்தால்? அனிஃபா யாரிடம் இருப்பாள்? ஓடிவிட வழி இருந்தது, நான்கு பக்கமும் இருந்தது. அவள் கிண்ணத்தை வாசலோரம் கவிழ்த்து வைத்துவிட்டு ஹவாவின் பின்னால் போனாள்.

டாக்டர் இளவயசுக்காரர், கண்ணெல்லாம் தூக்கம். கட்டிலில் சபித் ஒரு கால் செருப்போடு கிடந்தான். மெய்ரேமே நின்றுகொண்டே சொன்னாள். ஈயம் எங்கிருந்து வருகிறது, கரண்டி எது, தண்ணீர் எவ்வளவு, மூன்று மடக்கு, செவ்வாயும் வெள்ளியும். மூடி மறைக்கவில்லை. டாக்டர் இடையில் ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தாள். அவர் திட்டவில்லை. ஊரில் அவருக்குச் சொந்தக்காரி யாராவது சின்ன வயதில் அவர் தலையிலும் ஊற்றியிருப்பாளோ என்னவோ.

"நீ குடுத்ததும் சேந்திருக்கு, அந்த மண்ணும் சேந்திருக்கு" என்றார். "ரத்தத்துல இருக்கிற ஈயத்தை இங்க இறக்கிருவேன். ஆனா மறுபடி அந்த மலையடிக்குக் கூட்டிட்டுப் போனா மறுபடி ஏறும். வேற போக்கிடம் இருக்கா?"

"மாண்டினீக்ரோவில அக்கா இருக்கா" என்றாள் ஹவா. சொன்ன பிறகுதான், போகப்போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்ததுபோல் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சபித் கண்ணைத் திறந்தான். தாயைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். "இன்னொரு செருப்பு எங்கம்மா?" என்றான். நாக்குக் குழறியது, ஆனாலும் செருப்பு என்றுதான் சொன்னான். ஹவா அவன் வெறுங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெய்ரேமே கிட்டே போகக் காலெடுத்தாள். ஹவா திரும்பாமலே கையை மட்டும் நீட்டித் தடுத்தாள்.

டாக்டர் மெய்ரேமேயைப் பார்த்தார். "இவன் ஒருத்தனுக்குத்தான் குடுத்தியா?"

ஹவாவின் தோள் அசையாமல் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள் மெய்ரேமே. "முகாம்ல பாதிப் பிள்ளைங்களுக்கு. பேரு சொல்றேன். நர்ஸம்மா ராதோய்காவையும் கூப்பிடுங்க, அவங்களுக்கு எந்தக் கொட்டகைன்னு தெரியும்." டாக்டர் பேனாவை எடுத்தார். "முதல் பேரு அனிஃபா. எம் பொண்ணு."